நாலு மீட்டர் அகலத்தில் ஒரு தெப்பம்

1983 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். மாசி மகம். வானத்தில் மேகம் இல்லை. கடல் பக்கமிருந்து காற்று வந்தது, ஆனால் படித்துறையில் கட்டியிருந்த வாழை இலை அசைகிற அளவுக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சிலர் காற்றின் மேல் பழியைப் போட்டார்கள். காற்றுக்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

அந்த நிமிடத்தில்தான் நான் கணக்குப் போட்டுக் கொடுத்த தெப்பம், கோயில் குளத்தின் வடக்குப் படித்துறையை ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாமி விழவில்லை, குருக்கள் பீடத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஜெனரேட்டர் தண்ணீருக்குள் போனது. பதினோரு பேர் விழுந்தார்கள். பத்துப் பேர் தொப்பலாக நனைந்து படியேறிவிட்டார்கள். பதினோராவது ஆள் தவில்காரர் சிங்காரவேலு. தெப்பத்தின் ஓரப் பீப்பாய்க்கும் கருங்கல் படிக்கும் நடுவில் அவருடைய வலது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

அப்போது நான் காரைக்காலில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். அப்ளைடு மெக்கானிக்ஸ் என் பாடம். அந்த வருடத்தோடு ஒன்பது ஆண்டு நடத்தியிருந்தேன். பழைய மாணவர் மலருக்கு ‘பயனுள்ளதாக ஏதாவது எழுதுங்கள் சார்’ என்று கேட்டார்கள். பயனுள்ளது என்று பார்த்தால் என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் விட்டுவிட்டேன். காரைக்காலிலிருந்து சைக்கிளில் முப்பத்தைந்து நிமிடம், அவ்வளவு போதும்.

1. ஒப்புக்கொண்டது

கோயில் கமிட்டித் தலைவர் வைத்தியலிங்கம் ரைஸ் மில் வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய தாத்தா அந்தக் கொம்யூனுக்கு, நம் பாஷையில் பஞ்சாயத்துக்கு, மேராக, அதாவது தலைவராக இருந்தவர். அதனால் இன்றும் அவர்கள் வீட்டுக்கு மேர் வீடு என்றுதான் பெயர். ஜனவரி மாதம் ஒரு நாள் அவரே காரில் என் வாடகை வீட்டுக்கு வந்தார். உட்கார வைக்க எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிதான். ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

“பழைய தெப்பம் பத்தாதுங்க சார். இந்த வருசம் ரெண்டு அடுக்கு மண்டபம் போடறோம். மேல கலசம், சுத்தி சீரியல் லைட்டு. ஜெனரேட்டர் தெப்பத்துலயே ஓடணும். நீங்க கணக்குப் போட்டுக் குடுத்துட்டா ஆசாரி கட்டிருவாரு.”

“நான் பாடம் நடத்தறவன்ங்க. எதையும் கட்டிப் பழக்கமில்லையே.”

“அட, கட்டறவனுக்குச் சொல்லிக் குடுக்கறதே நீங்கதானே? வடக்குப் படித்துறையில மொதப் பரிவட்டம் இந்த வருசம் சாருக்குத்தான்னு கமிட்டியில சொல்லிட்டு வந்துட்டேன். மறுக்கக் கூடாது.”

சாமி வடக்குப் படித்துறையில் நிற்கும்போது, சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை ஒருவர் தலையில் கட்டி மரியாதை செய்வார்கள். அதுதான் பரிவட்டம். முதல் பரிவட்டம் மேர் வீட்டைத் தாண்டி வெளியே போனதாக யாருக்கும் நினைவில்லை. என் அப்பா அந்த மில்லில் நெல் அளந்தவர். மாசி மகத்தன்று அதே படித்துறையில், கூட்டத்தின் கடைசியில் நின்று, அடுத்தவர் தலையில் பட்டு ஏறுவதைப் பார்த்துவிட்டு வருவார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் மறுக்கவில்லை. எவ்வளவு கட்டணம் என்று அவர் கேட்டதற்குக்கூட, “சாமி காரியத்துக்குக் காசா?” என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

ஐந்து மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம், நாற்பது எண்ணெய்ப் பீப்பாய், அதன் மேல் மரமேடை, முப்பது ஆள். நாலு நாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அந்த வரைபடத்தின் கணக்குச் சரியானது. இன்றைக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

2. குறைந்த ஒரு மீட்டர்

அந்த வருடம் மழை சரியில்லை. குளத்தில் தண்ணீர் வழக்கத்தைவிட ஐந்து படி கீழே கிடந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் கீழ்ப்படிகள் உள்ளே நீட்டிக்கொண்டு வரும். குளத்தின் நடுவில் நீராழி மண்டபம் வேறு. அதற்கும் படிக்கும் இடையில் தெப்பம் சுற்றி வருகிற வழி குறுகிப்போய்விட்டது. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆசாரி கயிறு பிடித்து அளந்தார். ஐந்து மீட்டர் தெப்பம் தென்கிழக்கு மூலையில் திரும்பாது.

வைத்தியலிங்கம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“சார், அகலத்துல ஒரு மீட்டர் கொறைச்சுக்கலாம். அஞ்சு என்ன, நாலு என்ன? நீளம் அப்புடியே இருக்கட்டும்.”

இந்த இடத்தில் பாடம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இளையவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெப்பம் சாய்ந்தால் அதை நிமிர்த்துவது எது? சாய்ந்த பக்கத்துப் பீப்பாய் கூடுதலாக அமுங்குகிறது, தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் நடு அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கிறதோ அவ்வளவுக்கு நிமிர்த்தும் பலம். இதை அளக்கத் தண்ணீர் மட்டத்தில் தெப்பம் எடுத்துக்கொள்ளும் பரப்பின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவைக் கணக்கிட வேண்டும். அந்தச் சூத்திரத்தில் நீளம் ஒரு தடவை வருகிறது. அகலம் மூன்று தடவை பெருக்கப்படுகிறது. ஐந்து ஐந்து ஐந்தைப் பெருக்கினால் நூற்றிருபத்தைந்து. நாலு நாலு நாலைப் பெருக்கினால் அறுபத்து நாலு. அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. போதாததற்குப் பீப்பாயும் நாற்பது முப்பத்திரண்டாகிறது, தெப்பம் இன்னும் ஆழமாக அமுங்குகிறது. மேலே இரண்டு அடுக்கு மண்டபம். அதனால் மொத்த எடையின் மையம், அதாவது சென்டர் ஆஃப் கிராவிட்டி, உயரத்தில் நிற்கிறது. அது எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆட்டம்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. வருடம் இரண்டு தடவை கரும்பலகையில் எழுதுகிறவன் நான். வைத்தியலிங்கத்திடம் சொல்லவும் செய்தேன்.

“மேல் அடுக்கை எடுத்துடலாம்ங்க. பாரம் கீழ வரும்.”

“மேல் அடுக்கு சிங்கப்பூர்க்காரரு உபயம் சார். நோட்டீஸ் அடிச்சாச்சு. அதை எடுத்தா அவரு என்னைய எடுத்துருவாரு.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து, எப்படியாவது நாலு மீட்டரை நிற்கவைக்கக் கணக்குப் போட்டேன். ஆளை இருபத்து நாலாகக் குறைத்தால், அத்தனை பேரும் நடுவில் உட்கார்ந்தே இருந்தால், யாரும் எழாமல் இருந்தால், நிற்கும். மறுநாள் அதை நிபந்தனையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருந்தால் பழைய தெப்பத்தையே விட்டிருப்பார்கள். பரிவட்டமும் பழையபடி மேர் வீட்டுக்கே போயிருக்கும்.

“உக்காந்துதானே இருக்கணும்?” என்றார் வைத்தியலிங்கம். “அதுக்கென்ன, உக்காந்துட்டுப் போறோம்.”

3. மூன்றாம் சுற்று

எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வழக்கம். பஸ்ஸில் ஜன்னல் கம்பி, பந்தியில் இலை, எல்லாம். தெப்பம் கிளம்பும்போது ஆட்களை எண்ணினேன். முப்பத்தொன்று. இருபத்து நாலுக்கு மேல் ஏழு. ஏழும் மேர் வீட்டுச் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் மாப்பிள்ளைகள்.

“முப்பத்தொண்ணு இருக்குதுங்க,” என்றேன்.

“சாமி முன்னாடி தலைய எண்ணாதீங்க சார்,” என்றார் வைத்தியலிங்கம். “மாப்புளைங்களை எறங்கச் சொல்லிட்டு நான் எந்தூருக்குப் போறது?”

மறுபடி சிரிப்பு. அப்போது நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டாலும் சத்தமாக இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். “சரி, யாரும் எழுந்திரிக்காம இருங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மேளக்காரர்கள் ஐந்து பேர் எனக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுரக்குடியிலிருந்து வந்த செட். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம். பெரிய தவில்காரர்தான் சிங்காரவேலு. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. மடியில் தவிலோடு சாய்ந்தமாதிரி உட்கார்ந்து வாசிப்பது கஷ்டம் என்று அவருடைய மச்சான், நாகஸ்வரக்காரர், முதல் சுற்றில் முனகினார்.

“நின்னு வாசிச்சாத்தான் தவிலு பேசும். இது என்ன, தூளியில போட்ட புள்ள மாதிரி!”

“சும்மா இருங்க மச்சான்,” என்றார் சிங்காரவேலு. “சார் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. படிச்சவங்க சொன்னா அர்த்தம் இருக்கும்.”

இரண்டு சுற்று நல்லபடியாகப் போயிற்று. கரையில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறித் தவில் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பீப்பாய் எத்தனை விரல்கடை வெளியே தெரிகிறது என்று ஓரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டேன். குறைவாகத்தான் தெரிந்தது.

மூன்றாம் சுற்றில் தெப்பம் வடக்குப் படித்துறையில் நின்றது. குருக்கள் பட்டுத் துணியை எடுத்தார். வைத்தியலிங்கம் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார்.

“சார், அங்க உக்காந்தா யாருக்குத் தெரியும்? இப்புடி ஓரமா வந்து நில்லுங்க. ஜனங்க பாக்கட்டும்.”

நான் எழுந்தேன். நாலு எட்டு வைத்து வடக்கு ஓரத்துக்குப் போனேன்.

நான் எழுந்ததும் மேளக்காரர்கள் ஐந்து பேரும் எழுந்தார்கள். பரிவட்டம் கட்டும்போது மரியாதை பெறுகிறவரைப் பார்த்து நின்று கெட்டிமேளம் வாசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது முறை. அவர்கள் எழுந்ததும் இரண்டு மாப்பிள்ளைகளும் எழுந்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் நிற்கும்போது இளையவர்கள் உட்கார்ந்திருப்பது அழகல்ல. அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். பதினோரு பேரும் என் பக்கம் வந்தார்கள். பட்டு என் தலையில் ஏறியது, கெட்டிமேளம் முழங்கியது, காலுக்கடியில் மேடை இறங்குவது தெரிந்தது. அப்போது ஜெனரேட்டர் நகர்ந்தது. இருநூற்றைம்பது கிலோ. அதைக் கட்டவேண்டும் என்று வரைபடத்தில் நான் எழுதவில்லை. கட்டாமல் கட்டைமேல் வைத்திருந்தார்கள். அது எங்களை நோக்கிச் சறுக்கி வந்தது. விளக்கெல்லாம் அணைந்துவிட்டது.

நான் விழவில்லை. மண்டபத்துத் தூண் கைக்கு எட்டியது, பிடித்துக்கொண்டேன். நிலா வெளிச்சத்தில் பார்த்தபோது ஓரத்தில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் தெப்பத்தில் இருந்தேன், தலையில் பரிவட்டத்தோடு. தண்ணீரிலிருந்து ஒரு குரல், “ஐயோ கை, கை” என்றது.

4. அபிப்பிராயம்

சிங்காரவேலுவின் மணிக்கட்டில் இரண்டு எலும்பு நொறுங்கியிருந்தது. காரைக்காலில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். தவிலுக்கு வலது கைதான் விரலில் கூடு மாட்டி வாசிக்கிற கை. அதுவும் வைகாசி, ஆனி முகூர்த்தம் வருகிற சமயம்.

மூன்றாம் நாள் வைத்தியலிங்கம் மில்லுக்கு வரச் சொன்னார்.

“சார், கமிட்டியில ரெண்டு பேரு, மேளக்காரருக்கு ஏதாவது குடுக்கணும்ங்கறாங்க. தெப்பத்துல கோளாறுன்னா குடுத்துத்தான் ஆவணும். வாசிக்கறவங்க சொன்ன பேச்சைக் கேக்காம எந்திரிச்சதால வந்ததுன்னா கோயில் எதுக்குக் குடுக்கறது? நீங்க ஒரு அபிப்பிராயம் எழுதிக் குடுத்துருங்க. உங்க எழுத்துக்கு மறு பேச்சு இல்ல.”

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சூத்திரம் எல்லாம் போட்டேன். ‘உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மாறாக மேளக்காரர்கள் உட்படப் பதினோரு பேர் எழுந்து வடக்கு ஓரத்துக்கு நகர்ந்ததால், எடையின் மையம் உயர்ந்தும் விலகியும் தெப்பம் நிலை தவறியது.’ இதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாவதாக ஒருவன் இருந்ததும், அவன்தான் முதலில் எழுந்தான் என்பதும் இல்லை. ஐந்து மீட்டரைப் பற்றியும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. ஊரார் அறுபது பேர் இருப்பார்கள். சிங்காரவேலு கழுத்திலிருந்து தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு மச்சான் பக்கத்தில் நின்றார். வைத்தியலிங்கம் என் எழுத்தை முழுவதும் படித்தார், சூத்திரத்தை மட்டும் விட்டுவிட்டு.

“என்ன சிங்காரம்? எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க மொதலாளி.”

“பின்ன ஏன்யா எந்திரிச்சே?”

சிங்காரவேலு என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நிஜமாகவே அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று நினைக்கிறேன்.

“சார் எந்திரிச்சாங்களே மொதலாளி. வாத்தியாரு நிக்கறாங்க, தலையில சாமி பட்டு ஏறுது. நான் சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு வாசிக்கறதா? அப்புடி வாசிச்சா நாளைக்கு எவன் என்னைக் கூப்புடுவான்?”

கூட்டத்தில் ‘அதானே’ என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ‘ஆமாம், நான்தான் முதலில் எழுந்தேன்’ என்று நாலே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இது:

“நான் எழுந்தது உண்மைதான். ஆனா என் எடை ஐம்பத்தெட்டு கிலோ. ஐம்பத்தெட்டு கிலோவால அந்தத் தெப்பம் ஒரு விரல்கடைகூட அமுங்காது. மத்த பதினோரு பேரும் சேர்ந்து எழுநூறு கிலோ. அதுதான் காரணம்.”

கணக்குச் சரி. சிங்காரவேலு தலையை ஆட்டினார்.

“சரிங்க சார். கணக்கு நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

கோயில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். சைக்கிளை எடுக்க வந்தபோது நாகஸ்வரக்காரர் என்னைக் கடந்து போனார். என்னிடம் பேசவில்லை, காற்றிடம் பேசுவதுபோல் சொன்னார்: “அம்பத்தெட்டு கிலோவாம். இத்தூண்டு உடம்புக்குள்ள இவ்வளவு இருக்குது பாரு!”

5. கரும்பலகை

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியட். பாடத்திட்டப்படி மொமென்ட் ஆஃப் இனர்ஷியா அத்தியாயம். தள்ளிப்போட ஒரு வாரமாக யோசித்தும் வழி கிடைக்கவில்லை. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேர் அந்தச் சுற்று வட்டாரத்துப் பையன்கள். பக்கத்து ஊரான விழிதியூர்க்காரர்கள் மட்டும் ஐந்து பேர். சூத்திரத்தை எழுதத் திரும்பியதும் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“சார், மேளத்தைச் சேர்த்தா, சேக்காமலா?”

வகுப்பே சிரித்தது. கோபத்தில், “சரி, அதையே போட்டுப் பார்த்துடலாம்” என்றேன். என் கணக்குச் சரி என்று அவர்களுக்காவது காட்டிவிடும் எண்ணம். தெப்பத்தின் அளவு, முப்பத்திரண்டு பீப்பாய், முப்பத்தொரு ஆள், மண்டபம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பட்டியலாக எழுதினேன். நிற்பவர்கள் எடை பன்னிரண்டு பேருக்கு. பையன்களே பெருக்கினார்கள். பன்னிரண்டு பேரும் ஓரத்துக்கு வந்தால் ஓரம் பதினேழு சென்டிமீட்டர் இறங்கும் என்று வந்தது. அதற்கு முன்னால் பீப்பாய் தண்ணீருக்கு மேல் தெரிந்தது பதிமூன்று. பீப்பாய் முழுக்க அமுங்கிய பிறகு தண்ணீருக்கு அதைத் தள்ள இடமில்லை. ஜெனரேட்டர் நகராமல் இருந்தாலும் தெப்பம் போயிருக்கும்.

முன் பெஞ்சில் ஆரோக்கியராஜ் என்று ஒரு பையன். கேலி தெரியாதவன், எதையும் முடிவுவரை போடாமல் விடமாட்டான்.

“சார், மொதல்ல அஞ்சு மீட்டர்தான் போட்டாங்கன்னு ஆசாரி சொன்னாரு. அஞ்சுக்குப் போட்டா என்ன வரும் சார்?”

“அது தேவையில்லை.”

“போட்டுட்டேன் சார். அதே ஆளுங்க எந்திரிச்சாலும் ஓரம் ஒம்போதுதான் எறங்குது. பீப்பா பத்தொம்போது வெளிய இருக்குது. விழுந்திருக்காது சார்.”

அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தான். அவன் விடையையும் பலகையில் எழுதினேன்.

“அப்ப அகலத்தைக் கொறைக்கலாம்னு சொன்னது யாரு சார்?”

யாரும் சிரிக்கவில்லை. கேட்டவன் பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தான். கரும்பலகையில் இரண்டு விடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் சுண்ணாம்புக்கட்டி எழுதியது. வேறு எந்தப் பெயரையும் சொல்ல அங்கே இடமில்லை.

“நான்தான்,” என்றேன். “கையெழுத்துப் போட்டதும் நான்தான். முதல்ல எழுந்ததும் நான்தான்.”

அதற்குப் பிறகு பாடம் நடத்த முடியவில்லை. பீரியட் முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரன் வெளியே போகும்போது “சாரி சார்” என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது.

6. பிறகு

அன்று மாலையே வேறு ஓர் அபிப்பிராயம் எழுதி மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வைத்தியலிங்கம் நின்றபடியே படித்தார்.

“தீர்மானம் போட்டாச்சு சார். இப்ப மாத்திச் சொன்னா உங்க படிப்புக்கும் கேவலம், கோயிலுக்கும் கேவலம். சிங்காரத்தை நான் தனியா பாத்துக்கறேன், விடுங்க.”

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் நானே நின்று அதைப் படித்திருக்கலாம். அறுபது பேர் முன்னால் சொன்னதை அறுபது பேர் முன்னால்தான் திருப்ப வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்பத்திரண்டு பையன்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். சொல்லவும் செய்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை எனக்குத் ‘தெப்பம் சார்’ என்றுதான் பெயர்.

சுரக்குடிக்கு நானே போனேன். சிங்காரவேலு வீட்டு வாசலில் தவில் தோல் ஊறி வெடித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். கட்டுப் போட்ட கையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“உக்காருங்க, உக்காருங்க. எழுந்திரிக்காதீங்க,” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவரும் லேசாகச் சிரித்தார்.

“அது எப்புடிங்க சார்?”

அவர் உட்காரவில்லை. நானும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: ஐந்து மீட்டர், நாலு மீட்டர், பரிவட்டம். முடிந்ததும், “எனக்கு அந்த அகலக் கணக்கு வெவரமெல்லாம் தெரியாதுங்க சார்,” என்றார். “அன்னைக்கு மண்டபத்துல நீங்க எடையச் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குக் கை வலிச்சுது.”

பணம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் அவர் வீடு இல்லை. வைகாசியிலும் ஆனியிலும் அவர் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணங்களுக்கு வேறு தவில்காரர் போனார். ஒவ்வொன்றுக்கும் அவருக்கு வந்திருக்க வேண்டிய தொண்ணூறு ரூபாயை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடமும், மச்சான் செட் வாசித்த கல்யாணங்களுக்கு அதே மாதிரி கொடுத்தேன். எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு மடங்கவில்லை. மூன்றாம் வருடம் அவரே சொன்னார்.

“போதும்ங்க சார். மச்சான் செட்டுல தாளம் போடறேன், கூலி வருது. இனிமே தவிலத் தொடப்போறதில்ல. நீங்க எடுத்துக்கிட்டு வந்தா எனக்கு அது ஞாவகம் வருது.”

இளைய என்ஜினியர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நீளத்தில் கை வைக்கச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அகலத்தில் கை வைக்கச் சொன்னால் செய்யாதீர்கள். ‘யாரும் அசையக் கூடாது’ என்ற நிபந்தனையின் மேல் நிற்கிற எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்; மனிதர்கள் எதற்கெல்லாம் எழுந்து நிற்பார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. அப்படியும் தவறு நடந்துவிட்டால், உங்கள் எடையைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

சிங்காரவேலுவுக்கு எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஆனதைச் சொல்ல முடியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிச் செலவு 412 ரூபாய். தவிலுக்குப் புதுத் தோலும் வாரும் 185. அந்தத் தவிலை அவர் பிறகு வாசிக்கவே இல்லை. முதல் வருடம் பதினாலு கல்யாணம், அடுத்த வருடம் பன்னிரண்டு, மூன்றாம் வருடம் பதினொன்று, ஒன்றுக்குத் தொண்ணூறு வீதம். மொத்தம் 3,927 ரூபாய்.